ஜோ செத்துட்டானா? ஐம்பது வருஷத்துச் சண்டை ஒன்று



போன வாரம் ஹாஸ்டலில் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஒரு சண்டை. நானும் பக்கத்து அறை நண்பனும் கட்சி பிரிஞ்சு கத்திக்கிட்டு இருந்தோம். "ஜோ செத்துட்டான்டா" இது அவன். "இல்லடா, உசுரோட தான் இருக்கான்" இது நான். போர்வையை இழுத்து மூடிக்கிட்டு தூங்கப் பார்த்த என் அறை நண்பன் கடைசியில் எழுந்து உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டான். "படக்கதையில வர்றவன் பொறக்கவே இல்லையே... அப்புறம் எப்படிடா சாவான்?"

ரெண்டு பேருக்கும் வாய் அடைச்சுப் போச்சு. நியாயமான கேள்வி தானே? அதுக்கான பதில் தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க. கதையோட முடிவு வரைக்கும் சொல்லப் போறேன். தெரிஞ்சுக்க விரும்பாதவங்க இங்கேயே எஸ்கேப் ஆயிடுங்க :)

ஒரு இறுதிச் சடங்கு

1970 மார்ச் 24. டோக்கியோவில் கோடான்ஷா பதிப்பகத்தின் அரங்கம். நடுவில் ஒரு குத்துச்சண்டை மேடை. புத்த பிக்கு மந்திரம் ஓதுகிறார். இறந்துபோன வீரனுக்கு மரியாதையாக மணி பத்து முறை அடிக்கப்படுகிறது. வந்திருந்தவர்கள் சுமார் 700 பேர்.

இறந்தவன் பெயர் ரிகிஷி தோரு. அவனுக்குப் பிறந்த தேதி கிடையாது, அப்பா அம்மா கிடையாது. 'அஷிதா நோ ஜோ' என்ற மாங்காவில் வரும் ஒரு பாத்திரம். அந்தப் பெயருக்கு 'நாளைய ஜோ' என்று அர்த்தம். 1968 முதல் 1973 வரை 'வாராந்திர ஷோனென் மேகஸின்' இதழில் வந்த தொடர். எழுதியவர் தகமோரி அசாவோ. வேறு யாருமில்லை, கஜிவாரா இக்கி தான். அதே இதழில் 'கியோஜின் நோ ஹோஷி' என்ற பேஸ்பால் தொடரையும் அந்தப் பெயரில் எழுதிக்கொண்டிருந்தார். ஜோவை வரைந்தவர் சிபா டெட்சுயா.

இந்தச் சடங்கை முன்னின்று நடத்தியவர் தெராயாமா ஷூஜி. கவிஞர், நாடகக்காரர், குத்துச்சண்டைப் பைத்தியம். இதில் விளம்பரம் இல்லையா என்று கேட்டால், இருந்தது. இடம் கொடுத்ததே அந்த இதழை நடத்திய பதிப்பகம் தான். அடுத்த வாரம் டிவியில் ஜோவின் அனிமே வேறு ஆரம்பமாக இருந்தது, அதன் பாட்டை எழுதியவரும் தெராயாமா தான். ஆனால் விளம்பரத்தால் ஒருவரை அரங்கத்துக்கு வரவைக்கலாம். துக்கப்பட வைக்க முடியுமா?

அவர்கள் ஏன் வந்தார்கள் என்று புரிய கதையைக் கொஞ்சம் சொல்லணும்.

எதிரி என்றால் இப்படி

யாபுகி ஜோ ஊர் சுற்றும் அநாதைப் பையன். டோக்கியோவின் கூலித் தொழிலாளர் சேரி ஒன்றுக்கு வந்து சேர்கிறான். அங்கே டாங்கே டான்பே என்ற ஒற்றைக்கண் குடிகாரர், பழைய குத்துச்சண்டைக்காரர். இவனுடைய கையைப் பார்த்ததும் அவருக்குப் போதை தெளிகிறது. ஆனால் ஜோ நன்கொடை என்று சொல்லி மோசடி செய்து மாட்டிக்கொண்டு சீர்திருத்தப் பள்ளிக்குப் போகிறான். அவன் ஏமாற்றியது ஷிராகி யோகோ என்ற பணக்கார வீட்டுப் பெண்ணை. உள்ளே அவனை அடித்துப் போடுகிறவன் தான் ரிகிஷி. டான்பே வெளியிலிருந்து அஞ்சலட்டையில் எழுதி அனுப்பும் பாடங்களை வைத்துத் தான் ஜோ குத்துச்சண்டை கற்கிறான்.

இங்கே ஒரு சுவாரசியமான விஷயம். ரிகிஷி தான் ஜோவின் பெரிய எதிரி ஆகப்போகிறான் என்று தெரியாமல், சிபா அவனை முதலில் ஜோவை விட ரொம்ப உயரமாக, வாட்டசாட்டமாக வரைந்துவிட்டார். குத்துச்சண்டையில் எடைப் பிரிவு உண்டே! வெளியே வந்தபின் ஜோ பேண்டம் வெயிட், அதாவது சுமார் 53.5 கிலோ. ரிகிஷி அதில் சண்டை போடவே முடியாது. வரைந்ததை அழிக்கவும் முடியாது, இதழ் கடைக்குப் போயாச்சு. என்ன செய்வது? ரிகிஷியைப் பட்டினி போட்டார்கள்.

ஆக, மாங்கா வரலாற்றின் மிகப் பெரிய சாவு ஒரு வரைபடத் தவறில் ஆரம்பித்தது.

ஜோவோடு சண்டை போடவேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக ரிகிஷி சாப்பாட்டை நிறுத்துகிறான், தண்ணீரைக் குறைக்கிறான். ஒரு ராத்திரி தாகம் தாங்காமல் குழாயைத் தேடி ஓடுகிறான். எல்லாக் குழாயும் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறது. யோகோ மனசு கேட்காமல் ஒரு கோப்பை வெந்நீர் கொண்டுவந்து கொடுக்கிறாள். அவன் நன்றி சொல்லிவிட்டு அதைக் கீழே ஊற்றிவிடுகிறான். இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

சண்டையில் ரிகிஷி ஜெயிக்கிறான். ஜோ எழுந்து வந்து கை நீட்டுகிறான். ரிகிஷியும் கை நீட்டி, அப்படியே சரிந்து விழுந்து செத்துப்போகிறான். ஜோ அவன் பொட்டில் விட்ட ஒரு குத்து, விழும்போது கயிற்றில் பட்ட அடி, பட்டினியில் உருகிய உடம்பு எல்லாம் சேர்ந்து கொன்றுவிட்டது.

ஜெயித்தவன் செத்தான், தோற்றவன் நிற்கிறான். அவனைக் கொன்றவனும் நேசித்தவனும் ஒரே ஆள். அந்த 700 பேரும் ரிகிஷிக்காக மட்டும் வரவில்லை, ஜோவோடு சேர்ந்து அழவும் வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

ஏழே நாள் கழித்து

1970 மார்ச் 31. டோக்கியோவிலிருந்து ஃபுகுவோகா போன ஜப்பான் ஏர்லைன்ஸ் 351 விமானத்தை, 'யோடோகோ' என்று பெயர், செம்படைப் பிரிவு என்ற தீவிர இடதுசாரிக் குழுவைச் சேர்ந்த ஒன்பது பேர் கடத்தினார்கள். ஃபுகுவோகாவில் சிலரை விடுவித்து, சியோலின் கிம்போ விமான நிலையத்தில் மற்ற பயணிகளை இறக்கிவிட்டு, ஏப்ரல் 3ந்தேதி வடகொரியத் தலைநகர் பியோங்யாங் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் தலைவர் தமியா தகமாரோவின் அறிக்கை எப்படி முடிந்தது தெரியுமா? நாங்கள் தான் 'நாளைய ஜோ' என்று!

தேதிகளைப் பாருங்க. மார்ச் 24 சடங்கு, மார்ச் 31 கடத்தல், ஏப்ரல் 1 அனிமே முதல் பகுதி. ஒரே கதை, ஒன்பது நாளுக்குள் மூன்று அவதாரம்.

முதலில் படித்தபோது "அடேங்கப்பா, மாங்காவுக்கு இவ்வளவு சக்தியா" என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அந்த விமானத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகள், உயிரோடு வீடு போவோமா என்று தெரியாமல் நாட்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு ஜோ யார்?

ரெண்டு கூட்டமும் ஒரே கதையைத் தான் படித்தது. என்ன வித்தியாசம்? சடங்குக்கு வந்தவர்கள் ஜோவை அவனோடு சம்பந்தப்பட்டவர்களோடு சேர்த்துப் படித்தார்கள். அவர்களுக்கு ரிகிஷி இல்லாமல் ஜோ இல்லை. கடத்தல்காரர்களின் ஜோவுக்கு யாருமே இல்லை. ரிகிஷி இல்லை, டான்பே இல்லை, யோகோ இல்லை. 'நாளை' என்ற ஒரு சொல்லும் இறுக்கிய முட்டியும் தான் மிச்சம். ஆனால் கதையில் ஜோ அந்தச் சாவுக்கு அப்புறம் எதிராளி முகத்தில் குத்தவே முடியாமல் போகிறான், குத்தினால் மேடையிலேயே வாந்தி எடுக்கிறான். தன் கையால் இன்னொருவனுக்கு என்ன ஆனது என்பதை மறக்க முடியாதவன் ஜோ. அந்தப் பக்கங்களைப் படித்தவன் "நான் தான் ஜோ" என்று சொல்லிக்கொண்டு விமானம் ஏறுவானா?

ஒரு பாத்திரத்தை நேசிப்பது வேறு. அவனை நம்ம வேலைக்கு ஆள் எடுப்பது வேறு.

கடைசிப் பக்கம்

இப்போ எங்க ஹாஸ்டல் சண்டைக்கு வருவோம்.

1973ல் தொடர் முடிந்தது. மெக்ஸிகோவின் உலக சாம்பியன் ஹோசே மெண்டோசாவோடு ஜோ 15 சுற்று மோதி, புள்ளிக் கணக்கில் தோற்கிறான். தன் மூலையில், முக்காலியில் உட்கார்ந்திருக்கிறான். கண் மூடியிருக்கிறது. உதட்டில் ஒரு சின்னச் சிரிப்பு. உடம்பு முழுக்க வெள்ளை, எரிந்து முடிந்த சாம்பல் மாதிரி. அவ்வளவு தான். முற்றும்.

செத்துட்டானா, தூங்குறானா? அன்றிலிருந்து இன்றுவரை சண்டை. ஜோவின் மூளை ஏற்கனவே அடிபட்டுப் பாழாகியிருந்தது, அதனால் செத்துவிட்டான் என்பது ஒரு கட்சி. செத்தவன் எப்படி முக்காலியிலிருந்து விழாமல் உட்காருவான் என்பது எதிர்க்கட்சி (அதாவது நான்). சிபாவும் ஒரு முடிவாகச் சொல்லாமல் வாசகரிடமே விட்டுவிட்டார்.

ஆனால் கஜிவாரா முதலில் எழுதிக்கொடுத்த முடிவு இது இல்லை. அதில் சண்டையில் தோற்ற ஜோவிடம் டான்பே, ஆட்டத்தில் தோற்றாலும் போராட்டத்தில் நீ ஜெயிச்சுட்டே என்று ஆறுதல் சொல்வார். அப்புறம் யோகோவின் வீட்டில் ஜோ சும்மா உட்கார்ந்திருக்க, அவள் அவனைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சிபாவுக்கு அது பிடிக்கவில்லை. ஐந்து வருஷம் இவனை வரைந்தவர் அவர் தானே! மாற்றிக்கொள்கிறேன் என்று கஜிவாராவிடம் கேட்டு, சம்மதமும் வாங்கிவிட்டார். ஆனால் என்ன வரைவது? கெடு நெருங்குகிறது. அப்போது இதழாசிரியர் ஒருவர் பழைய பக்கம் ஒன்றைத் தேடி எடுத்துக் காட்டினார்.

அந்தப் பக்கத்தில் ஜோ, நோரிகோ என்ற பெண்ணோடு நடந்துகொண்டிருக்கிறான். மளிகைக்கடைக்காரர் மகள், அவன் மேல் அன்பு வைத்தவள். உன் வயசுப் பிள்ளைகள் எல்லாம் சந்தோஷமாக இருக்கும்போது நீ ஏன் இப்படி அடிவாங்குகிறாய் என்று கேட்கிறாள். அரைகுறையாகப் புகைந்துகொண்டிருக்க எனக்கு இஷ்டமில்லை, ஒரு நிமிஷமானாலும் முழுசாக எரிந்து வெள்ளைச் சாம்பல் தான் மிஞ்சவேண்டும் என்கிற மாதிரி பதில் சொல்கிறான். அவளால் கூட வரமுடியவில்லை. பிறகு ஜோவின் நண்பன் நிஷியைக் கல்யாணம் செய்துகொள்கிறாள்.

அந்த வெள்ளைச் சாம்பல் தான் கடைசிப் பக்கம்.

என் தியரி

என் கணக்கில், ஜோ செத்தானா என்பது டாக்டரிடம் கேட்கவேண்டிய கேள்வி இல்லை. ஜோவுக்கு யார் முக்கியம் என்கிற கேள்வி அது.

கஜிவாராவின் முதல் முடிவில் ஜோ யோகோவுக்குச் சொந்தம். சிபாவின் முடிவில் ரிகிஷிக்குச் சொந்தம். ரிகிஷி தன் உடம்பை முழுசாகச் செலவழித்தான், ஜோவும் அதையே செய்தான். நடுவில் கொரியாவின் கிம் யோங்பி வருவானே, யுத்தகாலப் பசியில் வளர்ந்தவன். உங்கள் பசியெல்லாம் என் பசிக்கு முன்னால் எம்மாத்திரம் என்று ஜோவைக் கலங்கடிப்பவன். அவனை ஜோ எப்படி ஜெயித்தான்? நீ சாப்பிட முடியாமல் கிடந்தாய், ரிகிஷி தானே விரும்பிச் சாப்பிடாமல் கிடந்தான் என்பது புரிந்தபோது தான். செத்து இத்தனை நாள் கழித்தும் ஜோவை எழுப்பி நிறுத்துகிறவன் ரிகிஷி தான்.

அப்போ யோகோ? இங்கே தான் அந்த வெந்நீர். கதையில் அவள் ரெண்டு முறை ஒருவனைத் தடுத்துப் பார்க்கிறாள். ரிகிஷிக்கு வெந்நீர் கொடுத்தாள். கடைசிச் சண்டைக்கு முன் ஜோவின் வழியை மறித்து, உன் மூளை பாழாகிக்கொண்டிருக்கிறது, போகாதே, நான் உன்னை நேசிக்கிறேன் என்றாள். ரெண்டு பேருமே நன்றி சொன்னார்கள், ரெண்டு பேருமே கேட்கவில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ரிகிஷி அவளுக்கு எதையும் விட்டுவிட்டுப் போகவில்லை. ஜோ சண்டை முடிந்ததும், முடிவு அறிவிப்பதற்கு முன்பே, கையுறைகளைக் கழற்றச் சொல்லி யோகோவிடம் கொடுத்துவிடுகிறான்.

அதனால் "செத்துட்டான்" என்று சொன்ன பக்கத்து அறை நண்பன் ரிகிஷி கட்சி. "உசுரோட இருக்கான்" என்று கத்திய நான் யோகோ கட்சி. எனக்கே இதை எழுதும்போது தான் தெரிந்தது. கையுறையைக் கொடுத்தவன் இனிமேல் எனக்கு இது வேண்டாம் என்று சொல்கிறான். சாகப் போகிறவனும் அப்படிச் சொல்லலாம், வாழப் போகிறவனும் சொல்லலாம். நான் ரெண்டாவதை எடுத்துக்கொள்கிறேன். யாரோ ஒருத்தி "போகாதே" என்று சொன்னது கொஞ்சமாவது உள்ளே போயிருக்கும் என்று நம்ப ஆசை, அவ்வளவு தான்.

தெராயாமா 1983ல் போய்விட்டார், கஜிவாரா 1987ல். சிபாவுக்கு 2024ல் ஜப்பான் அரசின் கலாசார விருது கிடைத்தது. மாங்கா வரைபவர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. ஜோ மட்டும் இன்னும் அந்த முக்காலியில் உட்கார்ந்திருக்கிறான்.

என் அறை நண்பனுக்குப் பதில்: பிறக்காதவன் சாகமாட்டான், சரி தான்டா. ஆனால் அவனுக்காக அழுதவர்கள் பிறந்தவர்கள். அந்த 700 பேரின் அழுகை வரலாறு. அவன் பெயரைச் சொல்லி விமானத்தில் ஏறிய ஒன்பது பேரும் வரலாறு. அதனால் ராத்திரி ரெண்டு மணிக்குச் சண்டை போடுவது தப்பில்லை. கொஞ்சம் மெதுவாகப் போட்டிருக்கலாம், அதுக்கு மட்டும் மன்னிச்சுக்கோ.

நீங்க எந்தக் கட்சி? பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: இதைப் படிச்சுட்டு என் அறை நண்பன் இப்போ முதல் பாகத்தில் உட்கார்ந்திருக்கான். ரிகிஷி இன்னும் வரல. அவன்கிட்ட யாரும் இந்தப் பதிவைப் படிச்சதுக்கு அப்புறமா எதுக்குடா படிக்கிறேன்னு கேட்டுடாதீங்க. நான் கேட்டுட்டேன். "எப்படிச் செத்தான்னு தெரியும், எப்படி வாழ்ந்தான்னு தெரிய வேணாமா"ங்கறான்!