உப்பலமடுகு அருவி

உப்பலமடுகு அருவி அல்லது தடா அருவி என்பது ஆந்திரப் பிரதேசத்தின் திருப்பதி மாவட்டத்தில், வரதையபாளையம் மண்டலத்தை ஒட்டிய காட்டுப்பகுதியில் அமைந்துள்ள அருவியாகும். 2022-இல் திருப்பதி மாவட்டம் உருவாக்கப்படும் வரை இது சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. காஞ்சிபுரம், திருவள்ளூர், சென்னை ஆகிய ஊர்களிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு இரவுக்குள் திரும்பிவிடலாம் என்பதால், கல்லூரி மாணவர்களும் மென்பொருள் நிறுவன ஊழியர்களும் விடுமுறை நாட்களில் இங்கு மலைநடை மேற்கொள்கின்றனர்.

பெயர்

தெலுங்கில் "மடுகு" என்பது ஆழமான நீர்நிலையைக் குறிக்கும். தமிழில் வழங்கும் "மடு" என்ற சொல்லும் இதே பொருளுடையது. அருவி தடாவில் இல்லை. சென்னையிலிருந்து செல்வோர் தேசிய நெடுஞ்சாலை 16-இல் தடா என்னும் ஊரில் மேற்கே திரும்புவதால் அப்பெயர் வழக்கில் வந்தது.

அமைவிடம்

காஞ்சிபுரம் பாலாறு, வேகவதி ஆகிய ஆறுகளை அடுத்த சமவெளியில் உள்ளது. இங்கு ஏரிகள் பல இருந்தாலும் மலைச்சரிவு இல்லாததால் அருவி இல்லை. திருப்பெரும்புதூர், திருவள்ளூர், ஊத்துக்கோட்டை, சத்தியவேடு வழியாக நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல் பயணம் செய்தால் இம்மலைப்பகுதியை அடையலாம்.

இவ்வழியில் உள்ள சத்தியவேடு, முன்பு சென்னை மாநிலத்தின் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1960 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த எல்லை மாற்றத்தின்போது சத்தியவேடு ஆந்திரத்துடனும், திருத்தணி சென்னை மாநிலத்துடனும் இணைக்கப்பட்டன. எல்லையோர ஊர்களில் இன்றும் தமிழும் தெலுங்கும் பேசப்படுகின்றன.

நடைவழி

வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்து, ஓடையை ஒட்டிய பாதையில் நடக்க வேண்டும். தொடங்கும் இடத்தைப் பொறுத்து, போகவர ஏறத்தாழ 10 கி.மீ. நடை இருக்கும். வழியில் ஓடையைப் பலமுறை கடக்க நேரிடும். இறுதிப் பகுதியில் பெரும்பாறைகள் மீது ஏறிச் செல்ல வேண்டும். ஓடையருகே சிவன் கோயில் ஒன்று உள்ளது. மகா சிவராத்திரியின்போது பக்தர்கள் இங்கு வருகின்றனர்.

இப்பகுதி பெரும்பாலான மழையை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவக்காற்றால் பெறுகிறது. ஆகவே காணும் பொங்கலை ஒட்டிய சனவரி மாதத்தில் ஓடையில் பொதுவாக நீர் இருக்கும். கோடையில் நீர்வரத்து மிகவும் குறைந்துவிடும்.

இடர்கள்

பயணிகள் நீரில் மூழ்கி உயிரிழந்த நிகழ்வுகள் இங்கு பலமுறை நடந்துள்ளன. இதற்கான காரணங்களை அறிந்திருப்பது அவசியம்.

* திடீர் வெள்ளம்: மழைநீரைப் பாறைச் சரிவுகள் அதிகம் உறிஞ்சுவதில்லை. மேலே பெய்த மழை, கீழே வெயில் அடிக்கும்போதே வெள்ளமாக வந்து சேரலாம். நீர் கலங்குதல், சருகும் சுள்ளியும் மிதந்து வருதல், இரைச்சல் கூடுதல் ஆகியவை இதன் அறிகுறிகள். இவற்றைக் கண்டவுடன் உடைமைகளை விட்டுவிட்டு மேட்டுக்கு ஏற வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் ஏற்பட்ட இத்தகைய வெள்ளத்தில் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான்.
* நுரை நீர்: அருவி விழும் இடத்தில் நீரில் காற்றுக்குமிழ்கள் கலந்திருக்கும். இதனால் நீரின் அடர்த்தியும் மிதப்பு விசையும் குறைகின்றன. குளத்தில் நன்கு நீந்துபவரும் இங்கு மூழ்கக்கூடும்.
* மறைந்த பாறைகள்: மடுவின் ஆழம் ஒரே சீராக இராது. உயரத்திலிருந்து குதிப்பவர்களின் தலை, கழுத்து ஆகியவற்றில் கடுமையான காயம் ஏற்படலாம்.

ஒருவர் மூழ்கும்போது காப்பாற்றக் குதிப்பவரும் சேர்ந்து மூழ்குவதுண்டு. கயிறு, நீண்ட கொம்பு அல்லது முடிச்சிட்டு இணைத்த வேட்டிகளைக் கரையிலிருந்தே நீட்டுவது பாதுகாப்பானது.

அனுமதி

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் ஏற்பட்ட காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்ற 23 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னர் தமிழ்நாடு அரசு அதே ஆண்டில் மலையேற்ற ஒழுங்குமுறை விதிகளை வெளியிட்டது. 2024 அக்டோபரில், பயிற்சி பெற்ற வழிகாட்டிகளுடன் 40 வழித்தடங்களில் செல்லும் மலையேற்றத் திட்டமும் தொடங்கப்பட்டது. இவை தமிழ்நாட்டுக் காடுகளுக்கே பொருந்தும். உப்பலமடுகு செல்வோர் ஆந்திர வனத்துறையின் அனுமதி நிலையைப் புறப்படும் முன்பே அறிந்துகொள்ள வேண்டும். மழைக்காலங்களில் நுழைவு நிறுத்தப்படலாம்.

சூழல்

ஆந்திர எல்லையோரப் பகுதிகளிலிருந்து வரும் ஆரணியாறும் காளங்கி ஆறும் கிழக்கே பாய்ந்து பழவேற்காடு ஏரியை அடைகின்றன. பூநாரைகள் வலசை வரும் அந்த உவர்நீர் ஏரியில் மீனவர்கள் பலர் தொழில் செய்கின்றனர். மலை ஓடைகளில் எறியப்படும் நெகிழிப் பைகளும் கண்ணாடிப் புட்டிகளும் மழைவெள்ளத்தில் கீழ்நோக்கி அடித்துச் செல்லப்படுகின்றன. பின்னால் வெறுங்காலுடன் வருபவரையும் உடைந்த புட்டிகள் காயப்படுத்தும். எனவே கொண்டு சென்ற பொருட்கள் அனைத்தையும் திரும்ப எடுத்து வருவது பயணிகளின் கடமையாகும்.