வாசலில் தொடங்கும் கடிகாரம்: அமெரிக்க மருத்துவமனைகளின் தரம் எவ்வாறு அளக்கப்படுகிறது?

அமெரிக்காவில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட மாரடைப்பு நோயாளிகளில் எத்தனை விழுக்காட்டினர் 30 நாட்களுக்குள் உயிரிழந்தனர், எத்தனை பேர் மீண்டும் மருத்துவமனைக்குத் திரும்பினர் என்பன போன்ற விபரங்களை மத்திய அரசு வெளியிடுகிறது. இத்தகைய அளவீடுகள் சிகிச்சையின் வேகத்தைக் கூட்டியுள்ளன. ஆனால், அவற்றில் பல மருத்துவமனை வாசலில் இருந்தே நேரத்தைக் கணக்கிடுகின்றன. நோயாளியின் உயிரைத் தீர்மானிக்கும் நேரமோ அதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

நியூஜெர்சி, சான்பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதி, டெக்சாஸ் ஆகிய இடங்களில் பெருமளவில் வாழும் தமிழர்களுக்கு இந்த வேறுபாடு மிகவும் முக்கியமானது.

அளவீட்டின் பின்னணி

மருத்துவத்தின் தரத்தை அளப்பதற்கான அடிப்படையை வகுத்தவர், பெய்ரூட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய அவெடிஸ் டோனபீடியன். கட்டமைப்பு, செயல்முறை, விளைவு ஆகிய மூன்றையும் தனித்தனியே ஆராய வேண்டும் என்று 1966ஆம் ஆண்டில் அவர் எழுதினார். நல்ல கருவிகள் இருப்பது வேறு, அவை உரிய முறையில் பயன்படுவது வேறு, நோயாளி பிழைப்பது வேறு என்பது இதன் பொருள்.

2001இல் அமெரிக்க மருத்துவக் கழகம் வெளியிட்ட அறிக்கை, நல்ல சிகிச்சைக்கான ஆறு இலக்குகளில் ஒன்றாக உரிய நேரத்தில் சிகிச்சை கிடைப்பதையும் சேர்த்தது. 2005இல் மருத்துவமனைகளை ஒப்பிடும் விபரங்களை மத்திய அரசு பொதுமக்களுக்கு வெளியிடத் தொடங்கியது. 2016 முதல் ஒட்டுமொத்தத் தரத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரங்கள் வழங்கப்படுகின்றன.

நியூஜெர்சியின் வார இறுதி

காலதாமதத்தின் விலை என்ன என்பதை நியூஜெர்சியில் நடந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. அம்மாநிலத்தில் 1987 முதல் 2002 வரை முதன்முறையாக மாரடைப்புடன் சேர்க்கப்பட்ட இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் அதிகமானோரின் பதிவுகளை ஆராய்ந்த அதன் முடிவுகள் 2007இல் வெளியாயின.

1999க்கும் 2002க்கும் இடையே, வார நாட்களில் சேர்க்கப்பட்டவர்களில் 12.0 விழுக்காட்டினர் 30 நாட்களுக்குள் இறந்தனர். சனி, ஞாயிறுகளில் சேர்க்கப்பட்டவர்களிடையே அது 12.9 விழுக்காடாக இருந்தது. அடைபட்ட இதயத் தமனியைத் திறக்கும் சிகிச்சைகள் வார இறுதியில் குறைவாகவே நடந்ததும் தெரியவந்தது. நோய் ஒன்றே, நோயாளி வந்த கிழமைதான் வேறு.

தொண்ணூறு நிமிடங்கள்

தமனி முழுமையாக அடைபடும் மாரடைப்பில், இதயத் தசை நிமிடத்துக்கு நிமிடம் சேதமடைகிறது. ஆகவே, நோயாளி வாசலைக் கடந்தது முதல் பலூன் மூலம் அடைப்பு நீக்கப்படும் வரையிலான நேரம் 90 நிமிடங்களைத் தாண்டக்கூடாது என்ற இலக்கு வகுக்கப்பட்டது. 2006 நவம்பரில் அமெரிக்க இதயவியல் கல்லூரி இதற்காக நாடு தழுவிய இயக்கம் ஒன்றைத் தொடங்கியது.

கையாளப்பட்ட வழிகள் எளிமையானவை. இதய நிபுணரின் வருகைக்குக் காத்திராமல், அவசர சிகிச்சைப் பிரிவு மருத்துவரே ஒரே தொலைபேசி அழைப்பில் குழுவை வரவழைத்தார். ஆம்புலன்ஸிலேயே ஈசிஜி எடுக்கப்பட்டது. ஒவ்வொரு நோயாளிக்கும் ஆன நேரம் ஊழியர்களுக்கு உடனுக்குடன் தெரிவிக்கப்பட்டது.

2005இல் 96 நிமிடங்களாக இருந்த இடைநிலை நேரம் 2010இல் 64 நிமிடங்களாகக் குறைந்தது. 90 நிமிடங்களுக்குள் சிகிச்சை பெற்றோரின் பங்கு 44 விழுக்காட்டில் இருந்து 91 விழுக்காடாக உயர்ந்தது.

எண்கள் சொல்லாதவை

எனினும், 2013இல் வெளியான மற்றொரு பெரிய ஆய்வு எதிர்பாராத முடிவைத் தந்தது. 2005க்கும் 2009க்கும் இடையே வாசலில் இருந்து பலூன் வரையிலான நேரம் 83 நிமிடங்களில் இருந்து 67 ஆகக் குறைந்தும், மருத்துவமனையில் இறந்தோரின் விகிதம் 4.8 விழுக்காட்டில் இருந்து 4.7 ஆகவே மாறியிருந்தது.

வேகத்தால் பயனில்லை என்பது இதன் பொருளல்ல. தனிப்பட்ட நோயாளியைப் பொறுத்தவரை விரைவான சிகிச்சை உயிர் காக்கிறது என்றும், சிகிச்சை பெறுவோரின் கூட்டமே காலப்போக்கில் மாறியதால் ஒட்டுமொத்த விகிதத்தில் அது தென்படவில்லை என்றும் 2015இல் வெளியான ஆய்வு விளக்கியது. ஆனாலும், வாசலுக்கு முன்னால் கழிந்த மணி நேரங்கள் இந்தக் கணக்கில் இடம்பெறவில்லை என்ற கேள்வி எஞ்சியது.

தவறான அளவீடு தீங்கையும் விளைவிக்கக்கூடும். நிமோனியா நோயாளிக்கு நான்கு மணி நேரத்துக்குள் ஆன்ட்டிபயாடிக் தரப்பட்டதா என்று ஒரு காலத்தில் அளக்கப்பட்டது. இலக்கைத் தவறவிடக் கூடாது என்ற அவசரத்தில், நிமோனியா இல்லாதவர்களுக்கும் அம்மருந்து தரப்பட்டதாக ஆய்வுகள் காட்டின. காலவரம்பு ஆறு மணி நேரமாக நீட்டிக்கப்பட்டு, பின்னர் அந்த அளவீடே கைவிடப்பட்டது.

வாசலுக்கு முன்னால்

தெற்காசியர்களுக்கு இதய நோய் ஏற்படும் ஆபத்து அதிகம் என்பது நன்கு அறியப்பட்டது. வளைகுடாப் பகுதியின் மவுண்டன் வியூவில் உள்ள எல் கமினோ மருத்துவமனையில் இவர்களுக்கெனவே ஓர் இதய மையம் 2006இல் தொடங்கப்பட்டது. சான்பிரான்சிஸ்கோவிலும் சிகாகோவிலும் 2010 முதல் மசாலா என்ற பெயரில் நீண்டகால ஆய்வு ஒன்றும் நடந்துவருகிறது.

நெஞ்சுவலியை வாயுத் தொல்லை என்று கருதி வீட்டிலேயே காத்திருப்பது, 911ஐ அழைக்காமல் நண்பரின் காரில் செல்வது ஆகியவை எந்த மருத்துவமனையின் தரக் கணக்கிலும் சேர்வதில்லை. காரில் செல்பவருக்கு வழியில் ஈசிஜி எடுக்கப்படுவதில்லை; மருத்துவமனைக்கு முன்தகவலும் கிடைப்பதில்லை.

இந்தத் தயக்கத்துக்குக் கட்டண அச்சமும் ஒரு காரணம். 2022 முதல் நடைமுறையில் உள்ள மத்திய சட்டம் எதிர்பாராத மருத்துவக் கட்டணங்களில் இருந்து காப்பீடு பெற்றோரைப் பாதுகாக்கிறது. ஆனால், தரைவழி ஆம்புலன்ஸ் அதில் சேர்க்கப்படவில்லை. காப்பீடு இல்லாதோரின் விகிதம் நாட்டிலேயே மிக அதிகமாக உள்ள டெக்சாஸில் இந்த அச்சம் மேலும் பெரிது. அதேவேளை, பணம் செலுத்த இயலுமா என்று பாராமல் அவசர நோயாளியைப் பரிசோதித்து நிலைப்படுத்த வேண்டும் என்று 1986ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவமனைகளைக் கட்டாயப்படுத்துகிறது. பிள்ளைகளைக் காண வந்திருக்கும் பெற்றோருக்கும் இது பொருந்தும்.

தமிழ்நாட்டின் அனுபவம்

வாசலுக்கு அப்பால் பார்த்த முயற்சி ஒன்று தமிழ்நாட்டில் நடந்தது. சிறு மருத்துவமனைகளைப் பெரிய இதய சிகிச்சை மையங்களுடன் இணைத்து, ஈசிஜியை மின்னணு முறையில் அனுப்பி, தேவைப்படுவோருக்கு முதலில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைத் தந்து, பின்னர் பெரிய மையத்துக்கு மாற்றும் திட்டம் 2012க்கும் 2014க்கும் இடையே சோதிக்கப்பட்டது. ஓராண்டுக்குள் இறந்தோரின் விகிதம் 17.6 விழுக்காட்டில் இருந்து 14.2 ஆகக் குறைந்ததாக 2017இல் வெளியான முடிவுகள் தெரிவித்தன.

அமெரிக்காவிலும் கடிகாரம் சற்றே பின்னோக்கி நகர்ந்துள்ளது. 2013ஆம் ஆண்டின் சிகிச்சை வழிகாட்டுதல்கள், 90 நிமிடங்களை மருத்துவமனை வாசலில் இருந்து அல்லாமல், மருத்துவ ஊழியர் நோயாளியை முதன்முதலில் சந்திக்கும் நேரத்தில் இருந்து கணக்கிடுமாறு கூறின. ஆம்புலன்ஸை அழைத்தவருக்கு அந்தச் சந்திப்பு வீட்டிலேயே நிகழ்கிறது. அழைக்கத் தயங்குபவருக்கு அது தொடங்குவதே இல்லை.