வலிமையிலிருந்து களைப்புக்கு: மூச்சுத் தசைப் பயிற்சி வந்த வழி

கோவிட் வந்துபோய் மாதக்கணக்கில் ஆன பின்னும் படியேற முடியாதவர்களிடம் பிசியோதெரபிஸ்டுகள் ஒரு சிறு பிளாஸ்டிக் கருவியைக் கொடுக்கிறார்கள். மூக்கில் கிளிப், வாயில் குழாய், குழாய்க்குள் ஸ்பிரிங் பொருத்திய வால்வு. குறித்த வலுவோடு மூச்சை உள்ளே இழுத்தால்தான் வால்வு திறந்து காற்று வரும். பிராணாயாமம் மூச்சின் நிதானத்தையும் தாளத்தையும் பழக்குகிறது. இந்தக் கருவி உதரவிதானத்துக்கும் விலா இடைத் தசைகளுக்கும் சுமை ஏற்றுகிறது. அந்தச் சுமை முதலில் யாரை மனத்தில் வைத்து உருவானது, நாட்பட்ட களைப்பில் வாடுவோரிடம் எப்படி வந்து சேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. எதை அளக்க வேண்டும் என்று தெளிந்த இடங்களில்தான் இப்பயிற்சி பலன் தந்தது; களைப்பு நோய்களில் அந்தத் தெளிவு இன்னும் முழுமையாக வரவில்லை என்பது என் வாதம்.

மூச்சின் வலுவை அழுத்தத்தால் அளக்கும் வழக்கம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வேகம் பிடித்தது. உயரப் பறக்கும் விமானிகளுக்கு அழுத்தத்தோடு ஆக்சிஜன் செலுத்துவது பற்றி ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் வாலஸ் ஃபென், ஹெர்மன் ரான், ஆர்தர் ஓட்டிஸ் ஆகியோர் ஆராய்ந்தனர். மார்புக்கூடு, நுரையீரல் ஆகியவற்றின் அழுத்தத்துக்கும் கொள்ளளவுக்கும் உள்ள உறவை வரைந்து காட்டிய அவர்களது கட்டுரை 1946இல் வெளிவந்தது. 1969இல் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த பிளாக், ஹயாட் இருவரும், ஒருவர் வாயால் அதிகபட்சம் எவ்வளவு அழுத்தத்தோடு இழுக்கவும் ஊதவும் முடியும் என்பதற்கு வயதுவாரியாக இயல்பளவுகளை வகுத்தனர். அவர்களது கருவியில் ஒரு நுணுக்கம் உண்டு. தொண்டையை மூடிக்கொண்டு கன்னத்தை மட்டும் உறிஞ்சினாலும் மானியின் முள் நகர்ந்துவிடும். அதைத் தடுக்கக் குழாயில் சிறு துளையிட்டார்கள். அதன் வழியே காற்று கசிவதால், மார்புத் தசை உண்மையிலேயே உழைத்தால்தான் அழுத்தம் நிலைத்து நிற்கும். அந்தத் துளையை நான் இத்துறையின் நேர்மைக்கே அடையாளமாகக் கருதுகிறேன்.

அளவுகோல் கிடைத்ததும் பயிற்சி பற்றிய கேள்வி எழுந்தது. மூச்சுத் தசைகள் நாள் முழுதும் ஓயாமல் இயங்குபவை. அவற்றுக்குத் தனிப் பயிற்சி எதற்கு? 1976இல் ஆய்வாளர்கள் டேவிட் லீத், மேரி பிராட்லி இருவரும் 12 ஆரோக்கியமானவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழு வலிமைக்காகவும் இன்னொன்று தாக்குப்பிடிக்கும் திறனுக்காகவும் ஐந்து வாரம் பழகியது. மூன்றாவது குழுவுக்குப் பயிற்சி இல்லை. வலிமைக்குப் பழகியவர்களின் அழுத்தம் சுமார் 55 சதவீதம் கூடியது. தாக்குப்பிடிக்கப் பழகியவர்களுக்கு வேகமாக மூச்சுவிட்டுத் தாக்குப்பிடிக்கும் திறன் கூடியது. கை கால் தசைகளைப் போலவே இவையும் எதற்குப் பழக்கப்படுகின்றனவோ அதில்தான் தேறுகின்றன.

அடுத்த ஆண்டே மாண்ட்ரியலில் ஆய்வாளர்கள் ரூசோசும் மேக்லெமும் மறுபக்கத்தைக் காட்டினார்கள். தன் உச்ச அழுத்தத்தில் சுமார் 40 சதவீதத்துக்கு மேல் ஒவ்வொரு மூச்சிலும் உழைக்க வைத்தால் உதரவிதானமும் ஓய்ந்துவிடும். நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்கு இப்பயிற்சியைத் தரும் முயற்சிகள் இதன்பின் பெருகின. ஆனால் தொடக்ககாலக் கருவிகள் வெறும் குறுகலான துளைகள்தான். மெதுவாக இழுத்தால் சுமையே தெரியாது. எனவே எவ்வளவு பயிற்சி நடந்தது என்று சொல்ல வழியில்லை. இந்தக் குறையைப் போக்கவே எடைக்கல் வைத்த வால்வும் பிறகு ஸ்பிரிங் வால்வும் வந்தன. 1988இல் லார்சன் குழுவினர் உச்ச அழுத்தத்தில் 30 சதவீதச் சுமையை 15 சதவீதச் சுமையோடு ஒப்பிட்டபோது, கூடுதல் சுமை பெற்றவர்களே தேறினார்கள். இருந்தும் 1992இல் வந்த ஒரு தொகுப்பாய்வு ஆதாரம் போதாது என்றது. சுமையைக் கட்டுப்படுத்திய ஆய்வுகளைத் திரட்டிய 2002ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு, வலிமையும் மூச்சுத்திணறலும் மேம்படுவதாகச் சொன்னது.

களைப்புக்குப் பாலம் போட்டது விஸ்கான்சினில் ஜெரோம் டெம்ப்சியின் ஆய்வகம். கடும் உடற்பயிற்சியின்போது மூச்சுத் தசைகளின் உழைப்பு கூடினால் கால்களுக்குப் போகும் ரத்தம் குறைகிறது என்று 1997இல் அங்கே நிறுவப்பட்டது. கால் சோர்வதற்கு மூச்சும் ஒரு காரணம் என்ற இந்தச் செய்தி இதய நோய் மருத்துவர்களை ஈர்த்தது. 2006இல் பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரேயில், இதயச் செயலிழப்போடு மூச்சுத் தசையும் பலவீனமாக இருந்த நோயாளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து 12 வாரம் பயிற்றுவித்தார்கள். பலவீனத்தை முதலில் அளந்து பார்த்துவிட்டுத் தொடங்கிய இந்த ஆய்வில் நடைத்திறனும் வாழ்க்கைத் தரமும் நன்றாகவே உயர்ந்தன.

நாட்பட்ட சோர்வு நோய்க்குறியின் கதை இதற்கு நேர்மாறானது. 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பரவிய நோய்க்குப் பிறகு உருப்பெற்ற இந்த நோய்க்கருத்து, உடற்பயிற்சி விஷயத்தில் நீண்ட பூசலைக் கண்டது. படிப்படியாக உழைப்பைக் கூட்டினால் உடல் தேறும் என்று 2011இல் பிரிட்டனின் பேஸ் ஆய்வு சொன்னது. நோயாளிகள் விடாமல் எதிர்த்தார்கள். சிறு உழைப்புக்குப் பிறகும் ஒரு நாள், சில சமயம் பல நாள் கழித்துப் படுக்கையில் தள்ளும் சரிவுதான் இந்நோயின் மையம் என்றார்கள். 2021இல் பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு அவ்வகைப் பயிற்சியைத் தன் வழிகாட்டியிலிருந்து நீக்கியது. நோயாளிகள் சொன்னது சரி. அதைக் கேட்க மருத்துவம் எடுத்துக்கொண்ட காலம் மிக அதிகம்.

இந்தப் பின்னணியில்தான் 2022இல் ஸ்வான்சி பல்கலைக்கழகத்தின் ஆய்வைப் படிக்க வேண்டும். கோவிட்டிலிருந்து மீண்டுகொண்டிருந்த 281 பேர், சராசரியாக ஒன்பது மாதம் கழித்தும் அறிகுறிகளோடு இருந்தவர்கள். பெரும்பாலோர் எட்டு வாரம் வீட்டிலேயே மூச்சுத் தசைப் பயிற்சி செய்தார்கள். மற்றவர்கள் காத்திருப்புப் பட்டியலில் இருந்தார்கள். மூச்சுத்திணறல் தணிந்தது, தசை வலுத்தது. ஆனால் முதன்மை அளவீடான வாழ்க்கைத் தர மொத்த மதிப்பெண்ணில் குழுக்களிடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மூச்சுத்திணறல் குறைந்ததைக் களைப்பே தீர்ந்ததாகப் படித்துவிடக் கூடாது. 2024இல் ஆம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் நீண்ட கோவிட் நோயாளிகளின் காலிலிருந்து திசு எடுத்துப் பார்த்தபோது, உழைப்புக்குப் பிந்தைய சரிவின்போது தசைச் சேதம் கூடியிருந்தது தெரிந்தது.

ஆகவே இந்நோயாளிகளுக்கு அளக்க வேண்டியவை இரண்டு. உட்சுவாச அழுத்தம் உண்மையிலேயே குறைந்திருக்கிறதா என்பது முதலாவது. குறையாதவருக்கு இக்கருவியைக் கொடுக்கப் போர்ட்டோ அலெக்ரே முடிவுகள் ஆதாரமாகாது. இரண்டாவது, பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் நோயாளி எப்படி இருக்கிறார் என்பது. லீத், பிராட்லி காலம் முதல் வாரந்தோறும் சுமையைக் கூட்டுவதே பயிற்சியின் இலக்கணமாக இருந்துவந்தது. இங்கே அந்தக் கூட்டலை நிறுத்தவோ குறைக்கவோ முடிவெடுக்க வேண்டியது நோயாளியின் நாட்குறிப்பு. எட்டாவது வாரத்தின் அழுத்த அளவோடு அந்த நாட்குறிப்பையும் முதன்மை முடிவாகக் கொள்ளும் ஆய்வுகளே இனி இத்துறைக்குத் தேவை.