லயமும் கிட்டங்கியும்

வியாபார புத்தி சில கூட்டத்தாருக்கு இரத்தத்திலேயே ஊறியது என்றும், மற்றோருக்கு அது பிறவியிலேயே வாய்க்கவில்லை என்றும் சொல்லிவிடுவது சுலபம். ஆனால் மலேசியாவில் கிள்ளானுக்குத் தெற்கே லங்காட் ஆறு கடலோடு கலக்குமிடத்தில் கிடக்கும் கேரி தீவின் சரித்திரத்தை நிதானமாக நோக்குவோர் அவ்வளவு அவசரப்படமாட்டார்கள்.

மாமேரிப் பழங்குடிகள் வாழ்ந்த அத்தீவின் சதுப்பு நிலம், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், எட்வர்ட் வாலண்டைன் கேரி என்ற ஆங்கிலேயரின் முயற்சியால் ரப்பர்த் தோட்டமாயிற்று. தோட்டத்துக்கு ஆள்சேர்க்கும் கங்காணி சொந்த ஊருக்குப் போய் உற்றார் உறவினரைத் திரட்டிவந்து, அவர்கள் வேலை செய்த ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு பெற்ற முறை மலாயாவெங்கும் வழங்கிய காலம் அது. பல தோட்டங்களில் அவனே மளிகைக் கடையும் வைத்திருந்தபடியால், பால்மரம் வெட்டியவனின் கூலி கைக்கு வருமுன்பே பற்றுக் கணக்கில் கரைந்தது.

அதே காலத்தில், அதே தமிழ் பேசி, அதே முருகனைக் கும்பிட்ட நகரத்தார் எனும் செட்டியார்கள், கோலாலம்பூர் லெபோ அம்பாங்கில் கிட்டங்கி எனப்பட்ட தொழிலகங்களில் பணப்பெட்டியடியில் அமர்ந்து வட்டிக்கு விட்டு வந்தனர். அங்கே பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாளாகவும், பின்னர் முதலாளியின் முகவராகிய மேலாளாகவும் உயர்ந்து, முடிவில் தானே தொழில் நடத்தவும் வழியிருந்தது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துச் சிறுவனுக்கோ வெட்டுக் கத்தியையன்றி அடுத்த படி ஏதும் இல்லை. சமய ஆசாரமும் பாஷையும் ஒன்றாயிருக்க, வேற்றுமையை விளைத்தது பயிற்சியும் முதலுமேயன்றி வேறென்ன?

1941-இல் ஆர். எச். நாதன் முதலானோர் முன்னின்ற கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளைப் பாருங்கள்: கூலி உயர்வோடு, பிள்ளைகளுக்குக் கல்வி வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும், உறவினரும் நண்பரும் தோட்டத்துள் தடையின்றி வந்து போக வேண்டும், வெள்ளைத் துரையையும் தோட்ட எழுத்தரான கிராணியையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் கட்டாயம் ஒழிய வேண்டும் என்றும் கேட்டார்கள். சைக்கிளில் அமர்ந்து செல்வதற்கே போராட நேர்ந்தவனிடம் தொழில் தொடங்கும் துணிவைக் காணோம் என்று குறைபடுவது, என் அபிப்பிராயத்தில், அநியாயம்.

பிற்காலத்தில் வெள்ளையர் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது, 1960-இல் ம.இ.கா. தலைவர் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தால் அது தோட்டங்களையே விலைக்கு வாங்கிற்று. கேரி தீவோ துண்டாடப்படாமல் பெருங்கம்பெனி வசமே நின்று, ரப்பருக்குப் பதில் எண்ணெய்ப்பனை கண்டது. ஆயினும், வாய்ப்புக் கிடைத்தவிடத்தில் பால்மரம் வெட்டியவரே பங்குதாரராகித் தோட்டம் வாங்கினார்கள் என்பது பிரத்தியட்சம்.