தீவும் கம்பியும்: கோக்கோஸ் தீவுகள் கற்பிக்கும் பாடம்



மடிக்கணினி ஒன்றும் இணைய இணைப்பும் இருந்தால் உலகின் எந்த மூலையிலிருந்தும் பணிபுரியலாம் என்னும் காலத்தில் நாம் வாழ்கின்றோம். அவ்வாறு ஊர்விட்டு ஊர் சென்று பணிபுரிவோரை 'மின்னிலக்க நாடோடிகள்' என்கின்றனர். 2022ஆம் ஆண்டில் நம் மலேசிய நாடும் 'டிஇ ரந்தாவ்' என்னும் திட்டத்தைத் தொடங்கி இத்தகையோருக்குக் கதவு திறந்தது. பிழைப்பு நாடிப் பிறந்த ஊரைவிட்டுச் செல்வதை மலாய்மொழியில் 'மெராந்தாவ்' என்பர். அச்சொல்லிலிருந்து வந்த பெயர் இது.

தமிழ்ப்பள்ளியில் பயின்று இன்று பட்டதாரிகளாகிவிட்ட நம் பிள்ளைகள் சிலரும், "எங்காவது ஒரு தொலைதூரத் தீவில் தங்கி வேலை செய்யப் போகிறேன்" என்று வீட்டில் பேசத் தொடங்கியுள்ளனர். "இது சரிப்பட்டு வருமா, ஐயா?" என்று பெற்றோர் என்னிடம் கேட்பதுண்டு. வரலாறு கற்பிப்பவன் என்பதால், அவர்களுக்கு ஒரு தீவின் வரலாற்றையே விடையாகக் கூறுகிறேன். ஏனெனில், கம்பி ஒன்றை நம்பித் தீவில் குடியேறி, உலகத்தோடு பேசி ஊதியம் பெற்ற மனிதர்கள் நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தனர்!

நடுக்கடலில் ஒரு புள்ளி

அத்தீவுகளின் பெயர் கோக்கோஸ் கீலிங் தீவுகள். இந்தியப் பெருங்கடலில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் தொலைவில் உள்ளன. சிறிதும் பெரிதுமாக 27 பவளத் தீவுகள். அனைத்தையும் சேர்த்தாலும் பரப்பளவு ஏறக்குறைய 14 சதுர கிலோமீட்டர்தான். 1609ஆம் ஆண்டில் வில்லியம் கீலிங் என்னும் ஆங்கிலேயக் கப்பல் தலைவர் இவற்றைக் கண்டார். எனினும், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கு எவரும் குடியேறவில்லை.

1826இல் அலெக்சாந்தர் ஹேர் என்பவர் தம் அடிமைகளாகவும் பணியாளர்களாகவும் இருந்த மலாய்த் தீவுக்கூட்ட மக்களோடு அங்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டே ஜான் குளூனிஸ் ராஸ் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் குடும்பத்தோடு வந்தார். இருவருக்கும் இடையே பகை மூண்டது. இறுதியில் ஹேர் வெளியேற, தீவுகள் குளூனிஸ் ராஸ் குடும்பத்தின் கைக்குச் சென்றன. தென்னை பயிரிட்டுக் கொப்பரை ஏற்றுமதி செய்வதே அங்கு நடந்த ஒரே தொழில்.

1836ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் 'பீகிள்' கப்பலில் வந்த சார்லஸ் டார்வின் இத்தீவுகளைக் கூர்ந்து ஆராய்ந்தார். பவளத் தீவுகள் எவ்வாறு தோன்றுகின்றன என்னும் அவரது கொள்கைக்கு இவ்விடம் சான்றாயிற்று. அங்குள்ள கிணறுகளின் நீர்மட்டம் கடலின் ஏற்றவற்றத்தோடு சேர்ந்து உயர்ந்து தாழ்வதையும் அவர் பதிவு செய்தார். பவள மணலுக்குள் இறங்கும் மழைநீர், கனமான உப்புநீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலேறிவிடும். அத்தீவில் எத்தனை பேர் வாழலாம் என்பதற்கு இயற்கை வகுத்த வரம்பு இதுவே.

தந்திக்காரர்கள் வந்தனர்

1901ஆம் ஆண்டில் ஆப்பிரிக்காவிலிருந்து மொரீஷியஸ், ரொட்ரீக்ஸ் தீவுகளின் வழியாக ஆஸ்திரேலியா வரை கடலடித் தந்திக் கம்பிவடம் போடப்பட்டது. இத்துணை நீண்ட கம்பியில் மின்குறிகள் செல்லச் செல்ல வலுவிழந்துவிடும். ஆகவே, இடையில் ஒரு நிலையம் வேண்டும். அங்குச் செய்தியைப் பெற்று மீண்டும் அனுப்பப் பணியாளர் வேண்டும். 1857ஆம் ஆண்டிலேயே பிரிட்டனின் உடைமையாகிவிட்ட கோக்கோஸ் அதற்குப் பொருத்தமாக அமைந்தது. அத்தீவுக் கூட்டத்தில் டைரக்‌ஷன் தீவு என்னும் சிறுதீவில் நிலையம் எழுந்தது. 1908இல் பத்தாவியாவுக்கும், அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கும், ஒரு கம்பிவடம் சென்றது.

இங்கே நம் மாணவர்களுக்குக் கூறத்தக்க செய்தி ஒன்றுண்டு. கடலடிக் கம்பிகளை உப்புநீர் அரிக்காமல் காத்த உறை, நம் மலாயாக் காடுகளின் மரத்திலிருந்து வடித்த 'கெத்தா பெர்ச்சா' என்னும் பாலால் ஆனது. சிங்கப்பூர் அதன் பெரிய சந்தையாக விளங்கியது. பாலுக்காக மரங்களையே வெட்டிச் சாய்த்ததால், பல இடங்களில் அம்மரம் அரிதாகிப் போனது. உலகை இணைத்த கம்பிக்கு விலை கொடுத்தது நம் காடுதான்!

தந்திப் பணியாளர்களின் வாழ்க்கை எப்படி இருந்தது? நல்ல ஊதியம், நீலக் காயல், தென்னை நிழல், மாலையில் டென்னிஸ். கேட்பதற்கு இன்றைய விளம்பரம் போலவே இருக்கின்றது அல்லவா? ஆனால், கொழும்புக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் இடையே செல்லும் பயணக் கப்பல்கள் தீவருகே நிற்பதில்லை. கடிதங்களையும் உணவுப் பொருள்களையும் பீப்பாயில் அடைத்துக் கடலில் இறக்கிவிட்டுப் போகும். பணியாளர் படகில் சென்று எடுத்து வருவர். உலகச் செய்தியெல்லாம் நொடியில் அவர்கள் கைவழியே ஓடியது. தம் தாயின் கையெழுத்தோ பீப்பாய்க்காகக் காத்திருந்தது.

எம்டன் வந்த நாள்

கம்பி ஒரு தீவுக்குப் பெருமையைத் தருவது போலவே பகையையும் அழைத்து வரும். இதற்குச் சான்று 1914.

'எம்டன்' என்னும் சொல்லைத் தமிழர் அறிவர். வல்லவனை, தந்திரக்காரனை இன்றும் 'சரியான எம்டன்' என்கிறோம். அது ஒரு செருமானியப் போர்க்கப்பலின் பெயர். 1914 செப்டம்பர் 22 இரவு அது சென்னையின் எண்ணெய்க் கிடங்குகளைக் குண்டுவீசி எரித்தது. அக்டோபர் 28 அதிகாலையில் பொய்யான புகைபோக்கி ஒன்றைப் பொருத்திக்கொண்டு பினாங்குத் துறைமுகத்திற்குள் புகுந்து, ருசியாவின் 'செம்சுக்' கப்பலை மூழ்கடித்தது. வெளியேறும்போது பிரான்சின் 'மூஸ்கே' கப்பலையும் வீழ்த்தியது. பினாங்கின் வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் ருசிய மாலுமிகளின் நினைவுச் சின்னம் இன்றும் உள்ளது. மாணவர்களை அழைத்துச் சென்று காட்டத்தக்க இடம் அது.

அதே எம்டன் அடுத்துக் குறிவைத்தது கோக்கோஸின் தந்தி நிலையத்தை. நவம்பர் 9 காலை ஏறத்தாழ 50 வீரர்கள் கரையிறங்கினர். அதற்குள், வேற்றுக் கப்பல் ஒன்று வந்திருப்பதாகப் பணியாளர்கள் செய்தி அனுப்பிவிட்டனர். வீரர்கள் கருவிகளை உடைத்தனர், கம்பிகளை வெட்டினர், கம்பத்தைச் சாய்த்தனர். டென்னிஸ் திடலின்மேல் கம்பத்தை விழச் செய்ய வேண்டாமெனப் பணியாளர் வேண்ட, அவர்களும் அவ்வாறே செய்தனர் என்பர். ஆயினும், அனுப்பப்பட்ட அந்தச் செய்தி வீண்போகவில்லை. அருகே படைவீரர்களை ஏற்றிச் சென்ற கப்பல் அணியிலிருந்து 'சிட்னி' என்னும் ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் விரைந்து வந்து எம்டனைத் தாக்கியது. எம்டன் வடகீலிங் தீவில் தரைதட்டியது. அதன் மாலுமிகளுள் 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மறைத்து வைத்திருந்த மாற்றுக் கருவிகளைக் கொண்டு நிலையம் விரைவில் மீண்டும் இயங்கியது.

இரண்டாம் உலகப் போரிலும் இக்கதை தொடர்ந்தது. தீவைக் காக்க இலங்கைப் பீரங்கிப் படையினர் நிறுத்தப்பட்டனர். அவர்களுள் சிலர் 1942 மே 8 இரவு கலகம் செய்தனர். கலகம் அடக்கப்பட்டது, மூவர் தூக்கிலிடப்பட்டனர். அத்தீவில் காக்கப்பட்டது கம்பி. உயிரைக் கொடுத்தோர் எங்கிருந்தோ வந்தவர்கள்.

தென்னந்தோப்பில் வாழ்ந்தோர்

இதுவரை நான் கூறியது வந்து சென்றோரின் கதை. அங்கேயே பிறந்து, அங்கேயே உழைத்து மடிந்த கோக்கோஸ் மலாய்க்காரர்களின் கதை என்ன?

1886இல் விக்டோரியா அரசியார் இத்தீவுகளைக் குளூனிஸ் ராஸ் குடும்பத்திற்கு என்றென்றைக்கும் உரிமையாக வழங்கினார். அதே ஆண்டில் அவை நீரிணைக் குடியேற்ற ஆட்சியின்கீழ் வந்தன. 1903 முதல் சிங்கப்பூரோடு சேர்க்கப்பட்டன. ஆனால், உண்மையில் தீவை ஆண்டவர் நிலவுடைமையாளரே. உழைத்தோருக்குக் கூலியாகக் கிடைத்தது நாணயமன்று. 'கோக்கோஸ் ரூபாய்' எனப்பட்ட வில்லைகள். உடைமையாளரின் கடையைத் தவிர வேறெங்கும் அவை செல்லா. தீவைவிட்டு வெளியேறியவர் திரும்பி வரவும் இயலாது. தோட்டப்புறத்தில் கங்காணி கடையில் பற்றெழுதி வாங்கிய நம் முன்னோரை அறிந்தவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

போருக்குப்பின் மக்கள்தொகை ஏறக்குறைய 1,800ஆகப் பெருகியது. தீவு தாங்கவில்லை. 1948க்கும் 1951க்கும் இடையே பெரும்பான்மையோர் வெளியேறினர். சிலர் சிங்கப்பூருக்கும் கிறிஸ்மஸ் தீவுக்கும் சென்றனர். மிகப் பலர் வட போர்னியோவுக்கு, அதாவது இன்றைய சபாவுக்கு வந்தனர். தாவாவிலும் லகாட் டத்துவிலும் அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் தம்மைக் கோக்கோஸ் மக்கள் என்றே கூறிக்கொள்கின்றனர். ஆகவே, இது எங்கோ நடந்த கதையன்று; நம் நாட்டு மக்களின் கதையுமாகும்.

1955இல் தீவுகள் ஆஸ்திரேலியாவிடம் ஒப்படைக்கப்பட்டன. 1966இல் தந்தி நிலையம் மூடப்பட்டது. 65 ஆண்டுகள் உலகத்தின் காதாக இருந்த டைரக்‌ஷன் தீவில் இன்று நிலையான குடிகள் இல்லை! 1978இல் ஆஸ்திரேலிய அரசு 62 இலட்சத்து 50 ஆயிரம் டாலருக்குத் தீவுகளின் பெரும்பகுதியை விலைக்கு வாங்கியது. 1984இல் ஐக்கிய நாட்டு நிறுவனத்தின் பார்வையில் வாக்கெடுப்பு நடந்தது. மக்கள் ஆஸ்திரேலியாவோடு இணைவதையே தேர்ந்தனர். கம்பி போனபின்னும் அவர்கள் அங்கேயே இருக்கின்றனர்.

மீண்டும் ஒரு கம்பி

2022இல் ஓமான் நாட்டையும் பெர்த் நகரையும் இணைக்கும் ஒளியிழைக் கம்பிவடம் நிறைவுற்றது. அதன் கிளையொன்று கோக்கோஸ் தீவுக்கும் செல்கின்றது. வரலாறு ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிட்டது எனலாம். இணையம் மட்டுமே அளவுகோல் என்றால், கோக்கோஸ் தேறிவிடும். மற்றவற்றையும் எண்ணிப் பார்ப்போம்:

1. குடிநீர் நெடுங்காலமாக மழையையும் மணலடி நன்னீரையும் நம்பி வந்தது. ஏறத்தாழ 600 பேர் வாழும் இடத்தில் வந்து சேரும் ஒவ்வொருவரும் அந்நீரில் பங்கு கேட்கின்றனர்.

2. உணவும் பொருளும் கப்பலிலும் வானூர்தியிலும் தொலைவிலிருந்து வரவேண்டும். வானிலை கெட்டால் வரவு தடைப்படும். கடும் நோய் கண்டவர் பெர்த்துக்குத்தான் செல்லவேண்டும்.

3. பிள்ளைகள் பத்தாம் ஆண்டுவரை அங்குப் படிக்கலாம். அதற்குமேல் வீட்டைப் பிரிந்து ஆஸ்திரேலியப் பெருநிலத்துக்குச் செல்லவேண்டும். ஹோம் தீவில் மலாய்மொழி வீட்டில் வாழ்கின்றது, சமூகம் ஒன்று அதனைப் பேசிக் காப்பதால். நாடோடியாய்ச் செல்லும் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பிள்ளைக்கு அத்தகைய சூழல் எங்கே கிடைக்கும்?

4. நிலமோ கடல்மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரமே. கடல் உயர்வதால் ஹோம் தீவு மக்களைக் காலப்போக்கில் இடம்பெயரச் செய்யும் எண்ணம் 2024இல் அரசு வரைவுத் திட்டத்தில் எழுந்தது. மக்களோ பிறந்த மண்ணைவிட்டுப் போக விரும்பவில்லை.

எனவே, "சரிப்பட்டு வருமா?" என்று கேட்கும் பெற்றோருக்கு என் விடை இதுதான். சில மாதங்கள் சென்று தங்கலாம், தடையில்லை. இளமையில் உலகைக் காண்பது நன்றே. நம் முன்னோரும் கடல் கடந்து வந்தவர்கள்தாமே? ஆனால், ஒரு தீவை 'நல்ல தளம்' என்று தீர்ப்பளிக்குமுன், கம்பியின் வேகத்தை மட்டும் கேட்காமல் மூன்று கேள்விகளையும் பிள்ளைகள் கேட்கட்டும். நான் குடிக்கும் நீர் யாருடையது? விரும்பும்போது என்னால் வெளியேற முடிவது போல, இங்குப் பிறந்தவர் விரும்பும்வரை இங்கேயே இருக்க முடியுமா? நான் கொடுக்கும் பணம் அவர்கள் கைக்குச் செல்கின்றதா, அல்லது பழைய வில்லைகளைப் போல் ஒரே கடைக்குத் திரும்புகின்றதா?

1901இல் கம்பி போட்டவர்கள் இக்கேள்விகளைக் கேட்கவில்லை. அவர்களுக்குத் தீவு ஓர் இடைநிலையம், அவ்வளவே. நம் பிள்ளைகளாவது கேட்கட்டும். ஆசிரியர்கள் நிலவரைபடத்தில் அச்சிறு புள்ளியைக் காட்டி, எம்டன் கதையோடு சபாவுக்கு வந்த மக்களின் கதையையும் சேர்த்துச் சொன்னால், கேட்கும் பழக்கம் வகுப்பறையிலேயே தொடங்கிவிடும்.