தான்றிக்காயும் இரண்டு சதவீதமும்

செந்துறை வட்டத்தில் இருக்கிற எங்கள் ஆலத்தியூரில் சூதாட்டம் வெட்கப்பட்டுச் செய்கிற காரியமாகத்தான் இருந்தது. சீட்டு ஆடுகிறவர்கள் கருவேல மரத்தடியிலோ யாரும் போகாத மோட்டார் கொட்டகையிலோ உட்கார்ந்து ஆடுவார்கள். மூணு நம்பர் லாட்டரி எழுதுகிறவர் டீக்கடைக்குப் பின்பக்கம் நின்று துண்டுச்சீட்டில் எழுதுவார். வீட்டுக்குத் தெரிந்தால் அன்றைக்குச் சோறு கிடையாது. இப்போது இருபது, இருபத்திரண்டு வயசுப் பையன்கள் ஐபிஎல் பந்தயத்தைப் பற்றிப் பேசுகிற தொனியே வேறு. பேங்க்ரோல், யூனிட், ஸ்டாப் லாஸ் என்கிறார்கள். சூதாடுவதாக அவர்கள் நினைக்கவில்லை. பணத்தை நிர்வாகம் செய்வதாக நினைக்கிறார்கள்.

என் சித்தி பையன் ஒரு எக்செல் தாள் அனுப்பினான். முதல் ரூ.10,000. ஒரு பந்தயத்துக்கு அதில் 2%, அதாவது ரூ.200. ஒரு ஆட்டத்துக்கு ஐந்து பந்தயத்துக்கு மேல் கிடையாது. "ஃபார்முலா சரியா இருக்கான்னு மட்டும் பாருண்ணே" என்று ஒரு வரி. ஃபார்முலா எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எந்த செல்லிலும் பிழை இல்லை. ஆனால் அந்த 2% எங்கிருந்து வந்தது என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்குச் சொல்லிக்கொடுத்த டெலிகிராம் ஆசாமிக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. அது தொடங்குவது டெலிபோன் கம்பெனியில்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜான் கெல்லி என்று ஒரு இயற்பியலாளர் இருந்தார். டெக்சாஸ்காரர், போரில் விமானம் ஓட்டியவர். கணினியை முதன்முதலில் பாட வைத்தவர்களில் அவரும் ஒருவர். குப்ரிக்கின் '2001' படத்தில் சாகப்போகிற கணினி பாடுமே, அந்த யோசனையின் வேர் அங்கேதான். 1956இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். கிளாட் ஷானன் கண்டுபிடித்த தகவல் கோட்பாட்டை விளக்க அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு சூதாடி. அந்தச் சூதாடிக்குத் தனியாக ஒரு கம்பி வழி இருக்கிறது. அதில் பந்தயத்தின் முடிவு மற்றவர்களுக்கு முன்பே அவனுக்கு வந்துவிடும். ஆனால் கம்பியில் இரைச்சல் உண்டு, சில சமயம் தப்பான செய்தியும் வரும். அப்படியானால் கையில் இருப்பதில் எவ்வளவு பங்கை வைத்தால் பணம் வேகமாக வளரும், ஓட்டாண்டியும் ஆகாமல் இருக்கலாம்? இதுதான் கேள்வி. விடை ஒரே வரிச் சூத்திரம்: உங்களுக்கு இருக்கும் சாதகத்தை, ஜெயித்தால் கிடைக்கும் விகிதத்தால் வகுக்க வேண்டும். பையன்கள் சொல்லும் 2% எல்லாம் இதிலிருந்து கிளைத்து, தேய்ந்து, கடைசியில் மனப்பாட வாய்ப்பாடாக வந்து சேர்ந்ததுதான்.

நான் கணினித் துறையில் குப்பை கொட்டுகிறவன். எந்தச் சூத்திரத்தைப் பார்த்தாலும் எல்லை மதிப்புகளைப் போட்டுப் பார்ப்பது தொழில் பழக்கம். இதில் அந்த இணையதளம் கொடுக்கும் எண்ணைப் போட்டேன். இரண்டு பக்கமும் சம பலம் என்றால் அவர்கள் தரும் விகிதம் பெரும்பாலும் 1.90, 1.90. ரூ.200 வைத்து ஜெயித்தால் ரூ.180 லாபம், தோற்றால் ரூ.200 போச்சு. வாய்ப்பு ஐம்பதுக்கு ஐம்பது. கெல்லியின் விடை கழித்தல் ஐந்தரை சதவீதம். கழித்தல் பந்தயம் வைக்க முடியாது என்பதால் அதன் பொருள் பூச்சியம். கம்பி வழி இல்லாதவன் எவ்வளவு வைக்கலாம் என்று கெல்லியைக் கேட்டால், ஒன்றுமே வைக்காதே என்கிறார். எக்செல் தாளில் அந்த ஒரு செல்தான் இல்லை.

கெல்லியின் சூத்திரத்தைக் களத்தில் இறக்கிக் காட்டியவர் எட்வர்ட் தார்ப், கணித ஆசிரியர். பிளாக்ஜாக் ஆட்டத்தில் போன சீட்டுகளை நினைவில் வைத்தால் மிச்சக் கட்டு சில நேரம் ஆடுகிறவனுக்குச் சாதகமாகும் என்று ஐபிஎம் கணினியில் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார். 1961இல் இரண்டு பணக்காரர்கள் ஒரு லட்சம் டாலர் தர முன்வந்தார்கள். தார்ப் 10,000 போதும் என்று வாங்கிக்கொண்டு நெவாடா போனார். சாதகம் இல்லாத நேரத்தில் சின்னதாக வைத்தார், இருக்கும்போது கெல்லி சொன்ன அளவுக்கு ஏற்றினார். முதல் ஏறக்குறைய இரண்டு மடங்கானது. அதற்குப் பிறகு சூதாட்ட விடுதிகள் செய்ததுதான் கவனிக்க வேண்டியது. சீட்டு எண்ணுகிறவனை அடையாளம் கண்டு வெளியே அனுப்பினார்கள். இன்றைய இணையதளங்களும் தொடர்ந்து ஜெயிக்கிறவனுக்கு வரம்பைச் சுருக்கும், கணக்கை முடக்கும். 2% ஒழுங்கோடு நிதானமாக ஆடுகிறவனை யாரும் வெளியே அனுப்புவதில்லை. அவனுக்கு போனஸ் வருகிறது.

ஏன் என்று தம்பியின் தாளை வைத்தே பார்க்கலாம். ஐபிஎல்லில் 74 ஆட்டம். ஆட்டத்துக்கு ஐந்து வீதம் 370 பந்தயம். ரூ.200 வீதம் மொத்தம் ரூ.74,000 சுழல்கிறது. பந்தயத்துக்குச் சராசரி நஷ்டம் ரூ.10. சீசன் முடிவில் ரூ.3,700 போயிருக்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு. 5% என்பது சின்னதாகத் தெரியும். எங்கள் பக்கம் ஏலச்சீட்டு நடத்துகிறவர் கமிஷனும் ஏறக்குறைய அதுதானே என்று தோன்றும். சிட் ஃபண்ட் சட்டத்தில் 5% என்று இருந்த உச்சவரம்பு 2019இல் 7% ஆனது. ஆனால் சீட்டுக்காரர் மாதம் ஒரு ஏலத்துக்கு ஒரு தடவை எடுக்கிறார். இவர்கள் ஒரு ராத்திரியில் ஐந்து தடவை எடுக்கிறார்கள். முதலில் 37% போய்விடுகிறது.

இன்னொரு விஷயமும் உண்டு. இதே தாளோடு ஆறு பேர் ஆடினால் அதில் ஒருத்தன் சீசன் முடிவில் லாபத்தில் இருப்பான். அது கணக்கிலேயே இருக்கிற ஏற்ற இறக்கம், திறமை கிடையாது. அந்த ஒருத்தன்தான் டீக்கடையில் பேசுவான். மற்ற ஐந்து பேர் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள்.

நம் உள்ளுணர்வுக்கு நேர் எதிரான கணக்கு இனிமேல் வருவது. ரூ.10,000ஐ ரூ.20,000 ஆக்க வேண்டும், இல்லையென்றால் எல்லாம் போகட்டும் என்று ஒருவர் ரூலட் சக்கரத்துக்கு முன் நிற்கிறார். 37 கட்டம், 18 சிவப்பு. முழுப் பணத்தையும் ஒரே தடவை சிவப்பில் வைத்தால் இரட்டிப்பாகும் வாய்ப்பு 48.6%. அதையே ரூ.200 ரூ.200 ஆக, பொறுமையாக, ஒழுங்காக ஆடினால்? 6.3%. பதினாறு பேரில் ஒருவர். டூபின்ஸ், சாவேஜ் என்ற இரண்டு கணிதவியலாளர்கள் 1965இல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார்கள். விளையாட்டு உங்களுக்குப் பாதகமாக இருக்கும்போது நிதானம் உங்களுக்கு எதிரி, ஒவ்வொரு கூடுதல் பந்தயமும் சக்கரத்துக்காரனுக்குக் கூடுதல் கூலி என்பதே அதன் சாரம். மொத்தத்தையும் தூக்கி வை என்று நான் சொல்லவில்லை. சின்னச் சின்னதாக வைப்பது பத்திரம் என்ற நம்பிக்கை எவ்வளவு தலைகீழானது என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த நம்பிக்கை எங்களுக்கு மண்ணிலிருந்து வந்தது என்று நினைக்கிறேன். பெரம்பலூர், அரியலூர் பக்கம் மானாவாரிக் காடுகள் அதிகம். மக்காச்சோளம், பருத்தி, சின்ன வெங்காயம். ரெண்டு ஏக்கர் இருக்கிறவர் ஒன்றில் சோளம், ஒன்றில் பருத்தி போடுவார். வெங்காயம் விலை விழுந்தால் சோளம் காப்பாற்றும். "வெவசாயமே சூதாட்டம்தான்" என்று பெரியப்பாக்கள் சொல்வதுண்டு. ஆனால் மழை 5% கமிஷன் எடுப்பதில்லை. நிலம் நாலு வருஷத்தில் ரெண்டு வருஷமாவது எதையாவது கொடுக்கும். கொடுக்கிற நிலத்தில் பிரித்துப் போடுவது புத்திசாலித்தனம். எடுக்கிற நிலத்தில் பிரித்துப் போட்டால் மெதுவாக எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான்.

நம் மரபில் இதை யாரும் யோசிக்கவில்லையா என்றால், நளன் கதையில் இருக்கிறது. எல்லோரும் நளன் தோற்றதைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். அவன் திரும்ப ஜெயித்த விதம்தான் சுவாரசியம். தேரோட்டியாக இருக்கும்போது அயோத்தி மன்னன் இருதுபன்னன் வழியில் ஒரு தான்றி மரத்தைப் பார்த்து, அதன் இலையும் காயும் எத்தனை என்று நின்ற இடத்திலேயே சொல்கிறான். நளன் இறங்கி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. அந்த வித்தையையும் பகடை ரகசியத்தையும் அவனிடமிருந்து கற்றுக்கொள்கிறான். பழைய காலத்துச் சூதுக்காய் தான்றிக்கொட்டை என்பதையும் சேர்த்துப் பாருங்கள். திரிபலா சூரணத்தில் போடுகிற அதே தான்றி. நிகழ்தகவின் வரலாற்றை எழுதிய இயான் ஹேக்கிங் இந்தக் கதையைக் குறிப்பிட்டிருக்கிறார். பிறகு நளன் புஷ்கரனோடு ஆடும்போது பாரதத்தில் அவன் ஆடுவது ஒரே ஆட்டம். எல்லாவற்றையும் வைத்து ஒரே வீச்சு. கம்பி வழி கிடைக்கும்வரை அவன் பகடையைத் தொடவில்லை.

இனி, எதிரே உட்கார்ந்திருப்பது யார் என்பதற்கு வருவோம். சென்னை மாகாணத்துச் சூதாட்டச் சட்டம் 1930இல் வந்தது. அதற்குச் சூதாட்டம் என்றால் ஒரு வீடு. சுவர், கதவு, உள்ளே ஆட்கள், போலீஸ் போய்த் தட்டலாம். 1968இல் அண்ணா காலத்தில் அரசே பரிசுச்சீட்டு நடத்தியது. விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்றார்கள். மிச்சம் எங்கே போகிறது என்றாவது அதில் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார்கள். 2003இல் ஜெயலலிதா லாட்டரியை மொத்தமாக நிறுத்தினார்.

வீடு கடல் கடந்து போனது 1990களில். கரீபியன் தீவான ஆன்டிகுவா 1994இல் இதற்காகவே ஒரு சட்டம் போட்டது. சான் பிரான்சிஸ்கோ பங்குச்சந்தையில் வேலை பார்த்த ஜே கோஹன் அங்கே போய் இணையவழிப் பந்தய நிறுவனம் தொடங்கினார். அமெரிக்கா அவரை 2000இல் தண்டித்தது, 21 மாதச் சிறை. தண்டித்த சட்டம் 1961இன் கம்பிச் சட்டம், பந்தயத் தகவலைக் கம்பி வழி அனுப்புவதற்கு எதிரானது. கெல்லியின் உதாரணத்தில் வரும் அதே கம்பி. ஆன்டிகுவா சளைக்காமல் அமெரிக்காவை உலக வர்த்தக அமைப்புக்கு இழுத்தது. 2007இல் வருஷத்துக்கு 2.1 கோடி டாலர் அளவுக்குப் பதில் நடவடிக்கை எடுக்கலாம் என்று தீர்ப்பும் வாங்கியது. குராசோ தீவு இன்னும் எளிய வழி வைத்திருந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய சில தலைமை உரிமங்கள், அவற்றுக்குக் கீழே எண்ணற்ற உள்உரிமங்கள். 2024 டிசம்பரில்தான் புதுச் சட்டத்தால் அதை மாற்றினார்கள். தளத்தின் அடியில் ஒரு முத்திரையும் உரிம எண்ணும் இருந்தால் தம்பிமார்கள் 'லைசென்ஸ் இருக்குண்ணே' என்கிறார்கள். அந்த உரிமத்தை நம்பி, பணம் வரவில்லை என்று ஆலத்தியூரிலிருந்து யார் குராசோவுக்கு மனு எழுதுவது?

தமிழ்நாடு இதோடு மல்லுக்கட்டிய கதை நீளமானது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2021இல் கொண்டுவந்த தடைச் சட்டத்தை அந்த ஆண்டு ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழு 2022 ஜூனில் அறிக்கை கொடுத்தது. அக்டோபரில் சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றி, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்று, ரம்மிக்கும் போக்கருக்கும் மட்டும் விலக்குக் கொடுத்தது. 2025 ஆகஸ்டில் ஒன்றிய அரசு பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டு எல்லாவற்றையும் தடை செய்து சட்டம் போட்டது. உள்ளூர்ச் செயலிகள் சில நாட்களில் கடையை மூடின. அவற்றுக்கு அலுவலகம், ஊழியர், வங்கிக் கணக்கு, வரி எண் எல்லாம் இருந்தன. கடல் கடந்தவர்களுக்கு மூட இங்கே கடையே இல்லை. தள முகவரியில் ஒரு எழுத்தை மாற்றி மறுநாள் வந்துவிடுகிறார்கள்.

அவர்கள் இங்கே பணம் வாங்குவது எப்படி? மகாதேவ் செயலி வழக்கில் 2023இல் அமலாக்கத் துறை விவரித்த அமைப்பு இதைப் புரிய வைக்கும். துபாயில் தலைமையிடம். ஊர் ஊராக 'பேனல்' என்ற கிளைகள். லாபம் 70க்கு 30 என்று பங்கு. லாபம் என்பது ஆடுகிறவர்களின் நஷ்டம்தான். பணம் போய் வருவதற்கு அடுத்தவர் பெயரில் வங்கிக் கணக்குகள். நீங்கள் யூபிஐயில் அனுப்பும் ரூ.10,000 எந்தத் தீவுக்கும் நேராகப் போவதில்லை. யாரோ ஒரு கூலித் தொழிலாளி, யாரோ ஒரு கல்லூரி மாணவன் பெயரில் இருக்கும் கணக்குக்குப் போகிறது. ஜெயித்த பணம் வந்தால் அதுவும் அப்படி ஒரு கணக்கிலிருந்துதான் வரும்.

தம்பியின் தாளில் இல்லாத இரண்டாவது செல் இது. சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண்ணும் 1930, பழைய சூதாட்டச் சட்டத்தின் ஆண்டேதான், தற்செயலாக. எங்கோ ஒருவர் பணத்தை ஏமாந்து அந்த எண்ணுக்குக் கூப்பிட்டால், அந்தப் பணம் கடந்துபோன கணக்குகளை வங்கிகள் வரிசையாக முடக்குகின்றன. நாலாவது கை, ஐந்தாவது கை என்று பார்ப்பதில்லை. அந்த வரிசையில் ரூ.380 வாங்கிய கணக்கும் இருக்கலாம். ஆலை ஒப்பந்தக்காரர் சம்பளம் போடுவதும் அந்தக் கணக்கில், அம்மாவின் நகைக்கடன் வட்டி போவதும் அதிலிருந்துதான் என்றால் எல்லாம் சேர்ந்து நிற்கும். அதை விடுவிக்கப் புகார் பதிவான ஊரின் போலீஸிடம் போக வேண்டும், அது வேறு மாநிலமாகவும் இருக்கலாம். தமிழ்நாட்டுச் சட்டப்படி ஆடியவருக்கும் மூன்று மாதம் வரை சிறையோ ரூ.5,000 வரை அபராதமோ உண்டு என்பதால், எதற்காக அந்த ரூ.380 வந்தது என்று எழுத்தில் கொடுக்கப் பையன்கள் தயங்குகிறார்கள்.