தராசைக் கைவிடாத உத்தமபாளையத்தார்: பி.டி. இராசனும் 1944 பிளவும்

நீதிக்கட்சியின் வரலாறு பெரும்பாலும் 1944 ஆகஸ்டுச் சேலம் மாநாட்டுடன் முடித்துவைக்கப்படுகிறது. அங்குக் கட்சி திராவிடர் கழகமாயிற்று. அரசு வழங்கிய பட்டங்களையும் பதவிகளையும் துறக்க வேண்டும் என்ற அண்ணாதுரை தீர்மானத்தை ஏற்க மனமில்லாதோர் விலகினர் என்பதே வழக்கமான விளக்கம். அது பி.டி. இராசனுக்கு (1892–1974) எவ்வளவு பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கின் உத்தமபாளையத்தில், நிலவுடைமைக் குடும்பத்தில் பிறந்த இராசன், ஆக்ஸ்போர்டில் வரலாறும் சட்டமும் பயின்று பாரிஸ்டராகத் திரும்பியவர். எனினும் அவர் பெயர் நிலைத்தது நீதிமன்றத்தில் அன்று, சட்டமன்றத்தில். இரட்டையாட்சியின் முதல் தேர்தல் நடந்த 1920 முதல் 1937 வரை அவர் சென்னை மாகாணச் சட்டமன்ற உறுப்பினர். 1930இல் முனுசாமி நாயுடு அமைச்சரவையில் வளர்ச்சித்துறையை ஏற்றார். 1932இல் உட்கட்சிப் பூசலால் பொப்பிலி அரசர் முதலமைச்சரானபோதும் அமைச்சராக நீடித்தார். 1936 ஏப்ரல் முதல் ஆகஸ்டு வரை, பொப்பிலி அரசர் வெளிநாடு சென்றிருந்த இடைவெளியில், முதலமைச்சர் பொறுப்பும் வகித்தார். ஐந்து மாதத்துக்கும் குறைந்த அப்பொறுப்பைப் பெரிதுபடுத்த வேண்டுவதில்லை. பதினேழாண்டுச் சட்டமன்றப் பழக்கமே கருதத்தக்கது.

பட்டங்களை வழங்கிய ஆட்சி 1947இல் அகன்றது. பட்டப்பற்று ஒன்றே காரணமாயின், அதன்பின் பழைய கட்சியைக் கட்டிக்காக்க என்ன தேவை இருந்தது? இராசனோ அதன் தலைவராக, தராசுச் சின்னத்தோடு, 1957 வரை அதனை நடத்தினார். 1952 தேர்தலில் அக்கட்சி சார்பில் வென்றவர் அவர் ஒருவரே. திராவிடர் கழகம் தேர்தலையே விலக்கியது. சட்டமன்றத்தின்வழிச் சமூகநீதி என்பதே இராசன் பயின்ற அரசியல்.

மற்றொரு வேறுபாடு சமயம். 1950 தீவிபத்துக்குப் பின் சபரிமலையில் நிறுவப்பட்ட ஐம்பொன் ஐயப்பன் திருவுருவம் இவர் முன்னின்று அளித்தது. 1963இல் குடமுழுக்குக் கண்ட மதுரை மீனாட்சியம்மன் கோயில் திருப்பணிக்கும் இவரே தலைமையேற்றார். இத்தகைய பக்தர் பெரியாரின் நாத்திக இயக்கத்தில் இணைந்திருத்தல் அரிது. அவரது நிலவுடைமைப் பின்னணியும் அம்முடிவில் பங்குகொண்டிருக்கலாம். அதனை மறுப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் அதனை மட்டுமே காரணமாக்கும்போது, பார்ப்பனரல்லாதார் இயக்கத்துக்குள் நம்பிக்கையாளருக்கும் இருந்த இடம் மறைந்துபோகிறது.

இராசனின் நீதிக்கட்சி ஓய்ந்த அதே 1957இல்தான் திராவிட முன்னேற்றக் கழகம் முதன்முறையாகத் தேர்தலில் இறங்கிற்று. சேலம் தீர்மானத்துக்குரிய அண்ணாதுரை காஞ்சிபுரத்திலிருந்து சட்டமன்றம் புகுந்தார். பின்னாளில் அக்கழகத்தின் சார்பில் இராசனின் மகன் பழனிவேல் இராசன் 1996இல் சட்டப்பேரவைத் தலைவரானார்.